கல்லாவுக்குப் பூட்டு உண்டு, கம்ப்யூட்டருக்கு?

இரவு கடை எடுத்துவைத்ததும் ஷட்டரை இழுத்துப் பூட்டி, பூட்டை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகுதான் நாம் வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஆனால் பேரேடு, பற்று வரவு, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் இன்று கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இணைய இணைப்பு என்னும் அதன் பின்வாசலைப் பூட்டியிருக்கிறோமா?

நம் உறுப்பினர் ஒருவர் மொத்த மளிகை வியாபாரி. கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்தே கணக்கு எழுதட்டும் என்று, கடைக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து இயக்க வழி செய்திருந்தார். கடவுச்சொல் கடையின் பெயரேதான். ஒரு திங்கட்கிழமை காலை எந்தக் கணக்கும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் விடுவிப்போம் என்ற ஆங்கில அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. சரக்கு போனால் இன்ஷூரன்ஸ் கேட்கலாம். யார் எவ்வளவு பாக்கி என்பதே போய்விட்டால் யாரிடம் கேட்பது? சில்லறைக் கடைக்காரர்கள் பலர் யோக்கியமாகத் தாங்களே சிட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். சிலர் காட்டவில்லை.

நம் சின்னக் கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்போம். வருகிறவன் கடையைப் பார்த்து வருவதில்லை. இணைய முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்ப்பது தானியங்கி நிரல்கள். 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கிய வான்னாக்ரை, விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் 445-ஆம் எண் வாயில் வழியாகத் தானே பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவு போயின. திருடர்கள் முதலில் நுழைந்தது, அக்கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கொண்டுதான்.

ஃபயர்வால் என்பது வாசற்காவலாள். நாம் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாது. விண்டோஸில் 2004 முதலே இது இயங்கும் நிலையில் வருகிறது. இணைய ரூட்டர்களிலும் பெரும்பாலும் உண்டு. பின் குறை எங்கே? பில்லிங் மென்பொருள் போட வருகிறவர், இரண்டாவது கம்ப்யூட்டர் இணையவில்லை என்றதும் முதலில் செய்வது ஃபயர்வாலை அணைப்பதுதான். பில் வந்துவிட்டது என்று நாமும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். சில நிமிட வேலை. அப்படிச் செய்யுங்கள் என்று கேட்டு வாங்க வேண்டியது நாம்.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுத்தால் பில்லிங் கம்ப்யூட்டர் அதில் இருக்கக் கூடாது. கேமராப் பெட்டிக்கும் அப்படியே. கணக்குப்பிள்ளைக்கு வெளி இணைப்பு வேண்டுமானால் வி.பி.என். வழியாகக் கொடுக்கலாம்.

ஃபயர்வால் இருந்தால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். கடைப் பையன் திறக்கும் மின்னஞ்சலையும், செருகும் பென்டிரைவையும் அது எப்போதும் தடுக்காது. தினமும் கணக்கைத் தனி டிஸ்கில் நகலெடுத்துக் கழற்றி வைப்பது அவசியம். அதற்காகப் பெரிய கருவியைத் தலையில் கட்ட வருகிறவரிடமும் ஏமாற வேண்டாம். ஒற்றைக் கம்ப்யூட்டர் கடைக்கு, இருப்பதைச் சரியாக இயக்கினாலே பெரும்பகுதி தீரும். கிளைகள் உள்ளவர்களுக்குத் தனிக் கருவி தேவைப்படலாம்.

தராசுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை வைக்க முகாம் போடுவதுபோல, நம்பகமான ஒரு தொழில்நுட்பரை அழைத்துக் கடைவீதி கடைவீதியாக இதையும் சங்கமே செய்யலாமே? அடுத்த செயற்குழுவில் இதை முன்வைக்கிறோம். வரும்போது உங்கள் ரூட்டரின் மாடல் எண்ணைக் குறித்து வாருங்கள்.