காரைக் குளிப்பாட்டும் காவிரி

ஞாயிறு காலை எங்கள் பெங்களூரு அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நாலு தமிழர் கூடினால் பேச்சு ரெண்டுதான். ஒன்று, காருக்கு ஃபோம் வாஷ், செராமிக் கோட்டிங். இன்னொன்று, பால்கனியில் போட்ட மரத்தளம், அதை பிரஷர் வாஷரில் அடித்தால் வரும் பளபளப்பு. நடுவில் யாராவது காவிரி என்றால் போச்சு, எல்லாருக்கும் ரத்தம் கொதிக்கும். கையில் ஹோஸ் பைப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்!

ஐயா, அது எந்தத் தண்ணீர்? சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் அதே காவிரி. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து 14.75 டிஎம்சி குறைத்தது. அதில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கும் வீட்டுத் தேவைக்கும். நம் பானெட்டுக்கு அல்ல.

"போர் தண்ணிதானே சார்" என்பீர்கள். 2024 கோடையில் முதலில் வறண்டதே போர்தான். அந்த மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றதும் ஈரத்துணியால் துடைத்தோமே, கார் துருவா பிடித்தது? மழை வந்ததும் பைப்பும் வந்துவிட்டது.

ஒரு வாளி, ஒரு துணி போதும். அதுவும் போதாதென்றால் அசோசியேஷனில் சண்டை போட்டு, சுத்திகரித்த கழிவுநீருக்கு பார்க்கிங்கில் ஒரு குழாய் வாங்குங்கள்.

முதலில் ஹோஸை மூடுங்கள் சாமி. அப்புறம் காவிரி பேசலாம்.