ஆறு நாள் வழிபாடு

கிறித்துவப் பற்று என்பது ஞாயிறன்று ஆலயத்தில் தொடங்கி ஆலயத்திலேயே முடிவது எனக் கருதுவோர் உளர். அக்கருத்து பிழையானது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வே அதற்குச் சான்று.

1826ஆம் ஆண்டு குளத்தூரில் பிறந்த அக்கத்தோலிக்கப் பெருமகனார் துறவி அல்லர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். ஆங்கிலம் அறியாதாரும் நீதிமுறையை உணரவேண்டித் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். கைக்கூலியைக் கடிந்து பாடினார். 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் தமிழகத்தை வாட்டியபோது, தம் பொருளால் பசித்தோர்க்கு உணவளித்தார். இவற்றுள் அலுவல் எது, வழிபாடு எது? வகுப்பறைகளோ, முதல் தமிழ் நாவலாசிரியர் என்னும் ஒரே வரியோடு அவரை முடித்துவிடுகின்றன!

அவர் நீதிபதி, எளியோர்க்கு இஃது இயலுமோ எனச் சிலர் வினவுவர். இயலும். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, நீரிணை கடந்து சிங்கப்பூரில் உழைத்துத் திரும்பும் கிறித்துவத் தொழிலாளி, மேற்பார்வையாளர் காணாத வேளையிலும் குறைவின்றிப் பணி செய்வாராயின், அதுவும் வழிபாடே. ஆறு நாளும் எடையைக் குறைத்து, ஞாயிறன்று காணிக்கையைக் கூட்டுவோரின் பற்று, பற்றன்று, வாணிகமே.