பிசின் பூசினால் ரகசியமாகிவிடுமா?

இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



கிடார் ஆம்ப்ளிஃபயருக்கும் நம் ஆண்டு மலருக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நான் பாட்டுக் கச்சேரி பற்றி எழுத வரவில்லை, சர்க்யூட் பற்றி எழுத வந்திருக்கிறேன். ஒருவர் தன் சர்க்யூட்டை வரைந்து ஊருக்கே தெரியும்படி வைக்கிறார். இன்னொருவர் தன் சர்க்யூட்டின் மேல் பிசினை ஊற்றி மூடுகிறார். இந்த இரண்டில் எது நமக்கு உகந்த வழி? முதல் வழிதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

டிரான்சிஸ்டர் வந்தது, ஐ.சி. வந்தது, வால்வு செத்தது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்கள் வால்வை இன்னும் விடவில்லை. ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வு தயாராகிறது. அமெரிக்காவில் சிறு பட்டறைகளில் ஒன்றொன்றாகக் கையால் பற்றவைத்து வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்கிறார்கள். இவற்றுக்கு 'பூட்டிக் ஆம்ப்' என்று பெயர். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இவற்றில் ரசிகர்கள் அதிகம் சண்டை போடுவது 'கிளீன் டோன்' பற்றித்தான். கிளீன் என்றால் கரகரப்பு இல்லாமல், தந்தியை மீட்டியதும் மணி அடித்த மாதிரி வரும் ஒலி. நம் பாடப்புத்தகப்படி பார்த்தால், உள்ளே போன அலைவடிவம் அப்படியே பெரிதாகி வெளியே வரவேண்டும். அப்படியென்றால் எல்லா ஆம்ப்ளிஃபயரின் கிளீனும் ஒரே மாதிரிதானே இருக்கணும்? இருக்கிறதா என்றால் இல்லை! காரணம் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எல்லாம் சர்க்யூட்டிலேயே இருக்கிறது.

முதலில் ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் தொடங்கிய நிறுவனம் இது. 1963-ல் வந்த அதன் ட்வின் ரிவெர்ப் மாடலில் நான்கு 6எல்6 வால்வுகள், 85 வாட். தம்பி மாடலான டீலக்ஸ் ரிவெர்ப்பில் இரண்டு 6வி6 வால்வுகள், 22 வாட். இரண்டிலும் முதல் ஸ்டேஜ் 12ஏஎக்ஸ்7 என்னும் இரட்டை டிரையோடின் ஒரு பாதி. பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம், அதற்குக் குறுக்கே 25 மைக்ரோஃபாரட். லேபில் நாம் காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயர் கட்டினோமே, அதற்கு அண்ணன் முறைதான் இது! இந்த ஒரு ஸ்டேஜே சிக்னலை ஐம்பது அறுபது மடங்கு பெருக்கிவிடும்.

அடுத்து வருவது டோன் கண்ட்ரோல். இது சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் ஒலியைக் குழிபோல இறக்கிவிடுகிறது. நடுப்பகுதி இறங்கியதால் அடி ஒலியும் உச்சி ஒலியும் தூக்கித் தெரிகின்றன. ஃபெண்டரின் 'பளபள' கிளீன் பிறப்பது இங்கேதான். கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து நெகட்டிவ் ஃபீட்பேக் கொடுத்து அவுட்புட்டை அடக்கி வைக்கிறார்கள்.

கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனால் வேறு கதை. டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி30-ல் நான்கு இஎல்84 வால்வுகள். பழைய வால்வு ரேடியோ வீட்டுப் பரணில் இருந்தால் பின்மூடியைத் திறந்து பாருங்கள், அவுட்புட் வால்வாக இதே இஎல்84 இருந்தாலும் இருக்கும். ஏசி30-ல் நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது. வால்வுகள் கேத்தோடு ரெசிஸ்டர் மூலமே பயாஸ் ஆகின்றன. ஃபீட்பேக் இல்லாததால் ஸ்பீக்கர் தன் இயல்பான ரெசொனன்ஸோடு கொஞ்சம் சுதந்திரமாக ஆடுகிறது. கடிவாளம் போட்ட குதிரை ஃபெண்டர் என்றால், கடிவாளத்தைத் தளர்த்திய குதிரை வாக்ஸ்.

இன்னொன்றையும் கவனிக்கணும். டிரையோடின் வரைகோடு நேர்கோடு இல்லை, வளைவு. அதனால் கிளீன் என்று நாம் கேட்கும் ஒலியிலும் இரண்டாம் ஹார்மோனிக் கொஞ்சம் கலந்தே வருகிறது. அது மூல ஸ்வரத்துக்கு மேல் ஸ்தாயியில் உள்ள அதே ஸ்வரம். ஆகவே காதுக்கு அது குற்றமாகத் தெரிவதில்லை, இனிமையாகவே தெரிகிறது. சுத்தம் என்று பெயர், ஆனால் உள்ளே இருப்பது ருசியான கலப்படம்!

இனி பூட்டிக் பட்டறைகளுக்கு வருவோம். 1989-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய மேட்ச்லெஸ் நிறுவனத்தின் டிசி-30 மாடலைப் பாருங்கள். நான்கு இஎல்84, கேத்தோடு பயாஸ். வாக்ஸின் வாரிசு என்று பார்த்ததும் தெரியும். ஒரு சேனலில் 12ஏஎக்ஸ்7, இன்னொரு சேனலில் இஎஃப்86 பெண்டோடு. கனமான டிரான்ஸ்ஃபார்மர், பிரிண்டட் போர்டு இல்லாத நேரடி வயரிங். வாக்ஸிலிருந்து கற்றதைத் தாங்கள் ஒருபோதும் மறைக்கவில்லை என்பது அந்த மாடலைப் பார்த்தாலே விளங்கும்.

அடுத்து வருபவர்தான் என் வழக்கின் நாயகர், கலிபோர்னியாவின் அலெக்சாண்டர் டம்பிள். சுமார் முந்நூறு ஆம்ப்ளிஃபயர்களே செய்தவர். ஸ்டீவி ரே வான் 1983-ல் வெளியிட்ட 'டெக்சஸ் ஃப்ளட்' இசைத்தட்டில் ஒலிப்பது டம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்தான். கிளீன் ஒலிக்கென்றே அவர் செய்த 'ஸ்டீல் ஸ்ட்ரிங் சிங்கர்' மாடலுக்கு ஜான் மேயர் போன்ற கலைஞர்கள் அடிமை. டம்பிள் 2022-ல் காலமானார். அவர் கைப்பட்ட பெட்டிகள் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் விலை போயிருக்கின்றன.

இந்த மனிதர் தன் சர்க்யூட்டின் முக்கியப் பகுதியில் எபாக்சி பிசினை ஊற்றி மூடி வைத்தார். யாரும் பார்த்துவிடக் கூடாதாம்! பின்னால் ரிப்பேர் செய்தவர்கள் பொறுமையாகப் பிசினைச் சுரண்டிப் பார்த்தார்கள். அவருடைய புகழ்பெற்ற 'ஓவர்டிரைவ் ஸ்பெஷல்' மாடலின் கிளீன் பகுதியில் என்ன இருந்தது? முதல் டிரையோடு, பிறகு டோன் கண்ட்ரோல், பிறகு வால்யூம், பிறகு அடுத்த டிரையோடு. ஃபெண்டர் வீட்டு வரிசைதான்! மதிப்புகளை மாற்றியிருந்தார், சுவிட்சுகள் சேர்த்திருந்தார். இன்று டூ-ராக் உட்படப் பல பட்டறைகள் அந்த வழியிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்கின்றன.

டம்பிளைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். வாசிப்பவரின் விரலைக் கேட்டு, அவருக்கென்றே மதிப்புகளைத் திருத்திக் கொடுத்தவர் அவர். அந்தக் காதும் அந்தப் பொறுமையும் சாதாரணமில்லை. நான் சொல்ல வருவது, திறமை அவருடைய காதில் இருந்தது, பிசினில் இல்லை. மூடாமல் விட்டிருந்தாலும் அவர் டம்பிள்தான்.

'கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதை ஏன்பா சும்மா கொடுக்கணும்?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கண்டுபிடித்ததை முழுசாக எழுதி வெளியிடு, குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை உனக்கு, பிறகு அது ஊருக்கு என்பதுதான் அந்த ஒப்பந்தம். வெளியிடுவதே அதன் அடிப்படை. தவிர, டம்பிள் எதிலிருந்து கற்றார்? வரைபடம் வெளியில் கிடைத்த ஃபெண்டரிலிருந்து. அந்தக் காலத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் வால்வு கையேடுகளில் கடைசிப் பக்கங்களில் சர்க்யூட்டுகளே அச்சாகி வந்தன. ஏணியில் ஏறி மேலே போனபின் ஏணியை இழுத்துக்கொள்வது என்ன நியாயம்?

திறந்த வரைபடம் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஃபெண்டரின் 5எஃப்6-ஏ பாஸ்மேன் சர்க்யூட்டை வைத்துத்தான் 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் ஜேடிஎம்45 உருவானது. அதிலிருந்து மார்ஷல் என்ற பெரிய வம்சமே கிளம்பியது. ஃபெண்டர் அழிந்தா போனது? இல்லையே! நியூஜெர்சியில் டிரெய்ன்ரெக் என்ற பெயரில் ஆம்ப்ளிஃபயர் செய்த கென் ஃபிஷரையும் நினைக்கணும். அவரும் கொஞ்சமே செய்தவர், அவருடைய பெட்டிகளும் ஏகப்பட்ட விலை. ஆனால் அவர் தனக்குத் தெரிந்த நுட்பங்களை எழுதிக் கொடுத்தார், 1994-ல் வந்த ஒரு புத்தகத்தில் அவை அச்சாயின. 2006-ல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பக்கங்கள் பாடம் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன என்கிறீர்களா? ரிப்பேருக்கு வரும் போர்டுகளைப் பாருங்கள். ஐ.சி.யின் எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். பத்து ரூபாய்ப் பார்ட்டுக்காக முழு போர்டையே மாற்றச் சொல்வார்கள். அதுவும் பிசின்தான். அவ்வளவு தூரம் ஏன்? நம் லேபில் அவுட்புட் வந்ததும் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குத் தெரியாமல் அப்சர்வேஷன் நோட்டை மூடுகிறோமே, அது என்ன? அதுவும் சின்ன அளவில் பிசின்தான்!

நம்மில் பலருக்கு வீட்டில் சர்க்யூட் சொல்லித்தர அப்பாவோ அண்ணனோ கிடையாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். அச்சான வரைபடம்தான் நமக்கு அப்பா, அதுதான் நமக்கு அண்ணன். அதை ஒருத்தன் மூடினால் நஷ்டம் வசதியுள்ளவனுக்கு இல்லை, அவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். நஷ்டம் நமக்கு.

ஃபெண்டர் பெட்டிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். எந்த இடத்தில் எந்த வால்வு, சர்க்யூட் எண் ஏபி763 என்றெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிற ஒவ்வொரு குழுவும் பெட்டியின் உள்மூடியில் முழு சர்க்யூட்டை, அளவுகளோடும் அளந்த வோல்டேஜ்களோடும் ஒட்டவேண்டும். ஒரு பிரதி நூலகத்தில் நம் சங்கத்தின் கோப்புக்குப் போகவேண்டும். எது வேலை செய்யவில்லை என்பதையும் எழுதி வைக்கவேண்டும். செலவு ஒரு ஜெராக்ஸ் காசு, அவ்வளவுதானே?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு வால்வு பெட்டிக்குள் கையை விடாதீர்கள். உள்ளே நானூறு வோல்ட்டுக்கும் மேல் டி.சி. இருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்த பிறகே தொடவேண்டும்.

வரும் கல்வியாண்டில் முதல் வருடம் சேரப்போகும் தம்பி தங்கைகள் நூலகத்தில் அந்தக் கோப்பைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க நம்மிடம் இருக்கவேண்டும். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள், மறுப்பவர்கள் எழுந்து வந்து பேசுங்கள், நண்பர்களே!