பூட்டை மாற்றுவது உரிமையல்ல

"வாடகை ஒப்பந்தம் முடிந்தது, வீடு என்னுடையது, பூட்டை மாற்றினால் என்ன தவறு?" என்ற வாதம் உடைமையையும் வெளியேற்றும் அதிகாரத்தையும் ஒன்றாகக் குழப்புகிறது. 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 6ஆம் பிரிவில் இவற்றைத் தெளிவாகப் பிரிக்கிறது: சம்மதமும் சட்ட நடைமுறையும் இன்றி வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து வீட்டை மீட்கலாம். உரிமையாளரின் பத்திரம் அங்கே பதிலாகாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி மெல்ல விரட்டுவதையும் (இதுவே அதிகம் வலிக்கும் வழி) தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வழக்கு இழுக்கும், வாடகையை நம்பிய முதியவர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. ஆனால் காலி செய்ய மறுப்பவரிடம் வாடகைக்கு மேலான இழப்பீடு கேட்க அதே சட்டம் அவருக்கு வழிவிடுகிறது. தாமதத்துக்காக நீதிமன்றத்தைக் கேள்வி கேட்கலாம். குடியிருப்பவரின் பாத்திரங்களைத் தெருவில் வைக்க அந்தத் தாமதம் அனுமதி தராது.