வெட்டு மெஷின் வென்றுவிட்டது, வெட்டியவர்கள் எங்கே?

கடந்த வாரம் எங்கள் ஊர் தேநீர்க் கடையொன்றில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச்சு வந்தது. திரும்பத் திரும்பச் செய்கின்ற சலிப்பான வேலைகளையெல்லாம் இனி மெஷின் பார்த்துக்கொள்ளும், மனிதன் மூளையைப் பாவிக்கின்ற வேலைக்குப் போகலாம் என்று பட்டதாரித் தம்பி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த வயதான காக்கா ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்கட வட்டைக்கு மெஷின் வந்து இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆகுது தம்பி. வெட்டுக்குப் போனவங்கள்ள மூளை வேலைக்குப் போன ஒருத்தன எனக்குக் காட்டுங்க பார்ப்பம்."

தம்பியிடம் பதில் இருக்கவில்லை. எனக்கும் உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் சம்மாந்துறைப் பக்கத்து விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவன். 1949 இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்கின்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. சிறுவயதில் நான் கண்ட வேளாண்மை வெட்டு இன்றைய பிள்ளைகளுக்குக் கதையாகத்தான் தெரியும். ஓர் ஏக்கரை வெட்ட எட்டுப் பத்துப் பேர் வேண்டும், அதுவும் நாள் முழுக்க. விடியற்காலையில் தாக்கத்தியோடு வயலில் இறங்கினால் நிமிர்வது சாப்பாட்டுக்கு மட்டும்தான். வெட்டிய கதிரைக் காய விட்டு, கட்டி, களத்துக்குச் சுமந்து, சூடு வைத்து, பிறகு சூடடித்து, தூற்றி, அளந்து மூட்டை கட்ட வேண்டும். வாப்பாவின் காலத்தில் சூடடிப்பு எருமை மாடுகளோடு இரவிரவாக நடந்தது. என்னுடைய காலத்தில் உழவு இயந்திரம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இன்று அத்தனை வேலைகளையும் ஒரே மெஷின் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டுப் பக்கத்து வயலுக்குப் போய்விடுகிறது.

குனிந்து வெட்டுகின்ற வேலைக்கு மனிதனை விட மெஷின் பொருத்தமா என்று என்னிடம் கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன். அந்த வேலையில் இடுப்பு ஒடிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைவிரலை வெட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். "அந்தக் காலத்து வெட்டு எவ்வளவு அழகு" என்று முகநூலில் எழுதுகின்றவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது வெயிலில் நின்று வெட்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய மனிதனின் உடல் மட்டுமல்ல, கவனமும் ஒத்துழைப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் போகப் போக எதிரியின் அடையாளங்களைத் தவறவிட்டார்கள். அதன் காரணத்தை நோர்மன் மேக்வேர்த் என்ற பிரித்தானிய உளவியலாளர் ஆராய்ந்து 1948 இல் எழுதினார். கடிகாரம் போன்ற ஒரு முகப்பில் முள் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒருமுறை அது இரட்டைத் துள்ளலாகத் துள்ளும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே பார்ப்பவர்களின் கவனம் தெளிவாகக் குறைந்தது. எங்கள் பகுதி அரிசி ஆலைகளில் இதே கதைதான் வேறு வடிவத்தில் நடந்தது. சுளகோடு குந்தியிருந்து கல்லும் கறுத்த அரிசியும் பொறுக்கிய பெண்களின் இடத்தில் இப்போது கெமரா இருக்கிறது. நிறம் மாறிய மணியைக் கண்டால் காற்றை அடித்து அதைத் தனியாகத் தள்ளிவிடுகிறது. அதற்குக் கண் எரிவதில்லை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கமும் வருவதில்லை.

அப்படியென்றால் சலிப்பான வேலைகள் எல்லாமே இதற்குள் மெஷினுக்குப் போயிருக்க வேண்டுமே? ஏன் போகவில்லை?

1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. இன்று ஆடை ஏற்றுமதி வருடத்துக்கு 4 பில்லியன் டொலருக்கும் மேல் நாட்டுக்குக் கொண்டுவருகிறது. அந்தத் தொழிற்சாலைகளில் துணியை வெட்டும் பகுதியில் கணினி இருக்கிறது. தைக்கும் வரிசையில் இன்னமும் பெண்பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். ஒருத்தி நாள் முழுக்கக் கொலரை மட்டும் தைப்பாள். மணித்தியாலத்துக்கு இத்தனை என்று டார்கெட் வைத்திருப்பார்கள். மடிந்து, நெளிந்து, நழுவுகின்ற துணியைப் பிடித்து ஊசிக்குக் கொடுக்க இயந்திரக் கை இன்னும் சரியாகப் பழகவில்லை என்பது ஒரு காரணம். பழக்குவதற்குச் செலவாகும் பணத்தை விட அந்தப் பிள்ளையின் சம்பளம் குறைவு என்பது மற்றக் காரணம். இரண்டாவது காரணத்தைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை.

மலையகத்தைப் பாருங்கள். கொழுந்து பறிப்பதை ஒரே மாதிரியான வேலை என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். உண்மையில் அது நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான சிறு தீர்மானங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது என்று விரல் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிறது. மெஷின் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வெட்டும், தேயிலையின் தரமும் அதற்கேற்ப இறங்கும். ஆனாலும் 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது போன்ற தருணங்களில்தான் பறிக்கும் மெஷினைப் பற்றிய பேச்சுச் சூடுபிடிக்கிறது. அறிவிப்பு வந்த அன்று கொழுந்து மாறிவிடவில்லை, விரலும் மாறவில்லை. மாறியது சம்பளம்.

ஆகவே சலிப்பான வேலைக்கு யார் பொருத்தம் என்று நாம் வாதாடிக்கொண்டிருக்க, யார் மலிவு என்று வேறொருவர் கணக்குப் பார்த்து முடித்துவிடுகிறார். எங்கள் வட்டையிலும் அதுதான் நடந்தது. இளைஞர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள், வெட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமானது, கூலி ஏறியது, மெஷின் வந்தது. அந்த வரிசையில் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. விவசாயிக்கும் கடன் இருக்கிறது, மழை வருவதற்கு முன் நெல் வீட்டுக்கு வர வேண்டும்.

ஆனால் கையால் வெட்டிய காலத்தில் விளைச்சலின் ஒரு பங்கு வட்டையிலேயே சிந்தியது. கூலியை நெல்லாகவே வாங்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். வெட்டு முடிந்த வயலில் ஏழைப் பெண்கள் கதிர் பொறுக்கினார்கள். கணவரை இழந்த என் மாமி ஒருவர் ஒரு போகத்தில் பொறுக்கிய நெல்லை வைத்துப் பல வாரங்கள் சோறாக்கியதை நான் கண்டிருக்கிறேன். களத்தில் பொலி அளக்கும்போதே ஸகாத் நெல்லும் பிரிக்கப்படும். அதற்குரியவர்கள் களத்தடியிலேயே நிற்பார்கள், அவர்களின் முகம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இன்று மெஷினிலிருந்து மூட்டைக்கும், மூட்டையிலிருந்து வியாபாரியின் லொறிக்கும் நெல் ஈரம் காயாமலேயே போகிறது. ஈரத்துக்கென்று வியாபாரி கழிக்கும் கிலோவைத் தவிர அங்கே யாருக்கும் ஒன்றும் சிந்துவதில்லை. ஸகாத் பின்னர் பணமாகக் கொடுக்கப்படலாம், கொடுக்கிறார்கள்தான். ஆனால் வயலடியில் நின்றவர்கள் இப்போது நம் கண்ணில் படுவதில்லை.

மாமியின் மகள் குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனாள். அதற்கு மெஷின் மட்டும் காரணமென்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வீட்டில் வேறு கஷ்டங்களும் இருந்தன. அவள் வேலை செய்த வீட்டில் துணி கழுவ மெஷின் இருந்ததாம், பாத்திரம் கழுவ மெஷின் இருந்ததாம், தூசு உறிஞ்சவும் மெஷின் இருந்ததாம். இருந்தும் விடிய ஐந்து மணியிலிருந்து நள்ளிரவு வரை அவளுக்கு வேலை முடியவில்லை. மாடிப்படியை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைக்கச் சொல்வார்களாம். மெஷின் நிறைந்த வீட்டில் மனிதப் பிறவியொன்று படி துடைத்த காரணத்தை அவள் எனக்கு ஒரே வரியில் சொன்னாள்: "எனக்குக் கரண்ட் பில் வராதே காக்கா."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 சிறுபோக வெட்டின்போது நாட்டில் டீசல் இல்லை. மெஷின்கள் வயலோரம் நின்றன, நாங்கள் எரிபொருளுக்காக வரிசையில் நின்றோம். கையால் வெட்டலாம் என்று சிலர் முயன்றார்கள். தாக்கத்தி தேடி எடுத்தாயிற்று, வெட்டத் தெரிந்த கைகளைத்தான் தேட முடியவில்லை. இருந்த சிலருக்கும் அறுபது வயது தாண்டியிருந்தது. காற்றில் சாய்ந்த வேளாண்மையையும், சேறு காயாத வயலையும் மெஷின் இன்றும் ஒழுங்காக வெட்டுவதில்லை. அங்கெல்லாம் மனிதனைத் தேடுகிறோம். ஆனால் வருடத்தில் இரண்டு நாள் தேவைப்படும் மனிதன் மீதி நாட்களில் என்ன சாப்பிடுவான் என்று நாங்கள் கேட்டதில்லை.

மெஷினை எதிர்த்துக் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. அதன் சொந்தக்காரர் யார் என்று கேட்கச் சொல்கிறேன். எங்கள் வட்டைக்கு வரும் மெஷின்களில் பல வெளி மாவட்டங்களிலிருந்து வருகின்றன, வாடகைப் பணமும் அவற்றோடு போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ஒரு வயலின் களைநெல் விதையும் மெஷினில் ஒட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போகிறது. அந்த வாடகையில் ஒரு பகுதியாவது, முன்பு தாக்கத்தி பிடித்த வீடுகளுக்குப் போகும்படி விவசாய அமைப்புகள் கூட்டாக மெஷின் வாங்க முடியாதா? ஊருக்கு ஊர் ஸகாத் நிதியங்கள் தையல் மெஷின் கொடுக்கின்றன, நல்லது. நாலைந்து குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு வெட்டு மெஷினின் பங்கைக் கொடுக்கலாமா என்று உலமாக்களிடம் கேட்டுப் பார்க்கலாம்தானே? அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே மெஷின் ஓட்டவும் திருத்தவும் பழக்கினால், சேற்றில் புதைந்த மெஷினுக்காக வெளி மாவட்ட ஆளுக்குப் போன் எடுத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பை முடிக்கும் நாள் எல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. பல வருடங்களாக நானும் போய் வருகிறேன். பசளை, தண்ணீர், நெல்லின் விலை, யானை என்று எல்லாம் பேசியிருக்கிறோம். வெட்டுக்கு வந்தவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை, நான் உட்பட. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தேநீர்க் கடைக் காக்காவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.