படம் வேண்டாம், சம்பளம் குடுங்கோ

"ஒரு ஊழியரைத் தாங்குங்கள்." கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த ஆக்களுக்கு இந்த வசனம் நல்லாப் பழக்கம். முந்தி சபை வாசலில் நோட்டீஸாகக் கிடைக்கும், இப்ப வட்ஸ்அப்பில் போஸ்டராக வருது. மாசம் இவ்வளவு காசு அனுப்பினால், வறிய கிராமத்திலயோ தோட்டத்திலயோ பிள்ளைகளோட வேலை செய்யிற உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு அது போகும். கூடவே ஒரு படம் இருக்கும். ஊழியரின்ட படம் இல்லை. கிழிஞ்ச சட்டையோட ஒரு சின்னப் பிள்ளை.

நாங்கள் இந்தத் தாங்குதலுக்கு எதிரிகள் இல்லை. எங்கட குழுவில் கிறிஸ்தவர்களும் இருக்கினம், சைவர்களும் இருக்கினம், ஒண்டையும் நம்பாத ரெண்டு பேரும் இருக்கினம். ஆனால் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு அக்காவோட ரெண்டு நாள் நிண்டு வந்த பிறகு, இதைப் பற்றி எழுதாமல் இருக்க ஏலாது எண்டு பட்டது.

அந்த அக்கா லயத்தில பிறந்தவ, இப்பவும் லயத்திலதான் இருக்கிறா. ஞாயிறு பாடசாலை நடத்துறது அவவின்ட வேலை எண்டுதான் கடதாசியில் இருக்கு. உண்மையில் அது அவவின்ட வாரத்தில் ரெண்டு மணித்தியாலம். மற்ற நாட்களில் பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டி வைச்சு வீட்டுப்பாடம் செய்விக்கிறா. அம்மா கொழுந்து எடுத்து முடிச்சு வரும் வரைக்கும், பிள்ளை மடுவத்துக்குப் போற வயசு தாண்டின பிள்ளைகளைப் பார்க்க வேற ஆள் இல்லை. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் பேர் பிழை எண்டால் கிராம சேவகரிட்டப் போறதும் அக்காதான். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு இறங்கி முச்சக்கரவண்டி பிடிக்கிறதும் அக்காதான். "அவங்க ரிப்போர்ட்ல இதுக்கெல்லாம் எடமே இல்லீங்க தம்பி. எத்தன புள்ளைங்க வந்தாங்க, எத்தன வசனம் மனப்பாடம் பண்ணினாங்க, அம்புட்டுத்தான்" எண்டு சிரிச்சா.

அவவுக்கு வாறது சம்பளம் இல்லை, "கொடுப்பனவு". 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபா ஆனது. அக்காவுக்குக் கிடைக்கிறது அதிலும் குறைவு. ஊழியர் சேமலாப நிதி இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள தர்ம நிறுவனங்களை அந்தச் சட்டமே விட்டு வைச்சிருக்கு, அதால கேள்வி கேட்கவும் வழி குறைவு. கேட்டால் "இது வேலை இல்ல, அழைப்பு" எண்டு பதில் வருமாம்.

எங்களை உறுத்தின விசயம் இன்னொண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாசத்தில் 360ஐத் தாண்டிச்சு. வெளிநாட்டில இருந்து அனுப்பினவர் அதே டொலரைத்தான் அனுப்பியிருப்பார். இஞ்ச அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ரூபாவாக இறங்கியிருக்க வேணும். மாவும் மண்ணெண்ணெயும் விலை ஏறின அந்த மாசங்களில் அக்காவின்ட கொடுப்பனவு ஒரு ரூபாவும் அசையேல்லை. இடையில நிண்ட காசு எங்க போச்சுது? திருட்டு எண்டு நாங்கள் சொல்லேல்லை. வாகனம், அலுவலகம், கூட்டம் எண்டு ஆயிரம் செலவு இருக்கலாம். ஆனால் போஸ்டரில் "ஊழியரை" எண்டுதானே போட்டிருந்தது?

இது புதுக்கதையும் இல்லை. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன், விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளிகளிட்டக் காசு சேர்த்தது. காசு குடுத்தவரின்ட பேரையே பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் இருந்தது. 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை போன்ற பேர்கள் அந்தக் காலத்தின்ட மிச்சம். மலையகத்தில் 1854இல் தொடங்கின தமிழ்க் கூலி மிசனில் உபதேசியார்மாருக்கான காசின்ட பெரும் பங்கு தோட்டத் துரைமாரிட்ட இருந்து வந்தது. யோசிச்சுப் பாருங்கோ, படியளக்கிறது துரை எண்டால், லயத்தில் நடக்கிற அநியாயத்தை அந்த உபதேசியார் எவ்வளவு தூரம் கதைச்சிருப்பார்?

1950களில் கொரியப் போரை ஒட்டி "ஒரு பிள்ளைக்கு ஒரு கொடையாளி" எண்ட முறை பெரிசாகப் பரவினது. அதை விட உள்ளூர் ஊழியரைத் தாங்கிறது நல்லது எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். ஒரே லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பை வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வராட்டி என்ன நடக்கும் எண்டு அங்க போய்ப் பார்த்தால் விளங்கும். அக்காவுக்குக் குடுத்தால் அவ எல்லாப் பிள்ளைக்கும் பொது. திட்டம் முடிஞ்சாலும் அவ ஊரை விட்டுப் போகமாட்டா.

எங்களுக்குள்ளேயே சண்டை வந்த இடம் மதமாற்றம். "பசிச்ச பிள்ளைக்குச் சோறு குடுத்து ஜெபம் சொல்லிக் குடுக்கிறது நியாயமோ?" எண்டு ஒரு தோழி கேட்டா. நியாயமான கேள்வி. 2003இல் மென்சிங்கன் கன்னியாஸ்திரிகளின் சட்டமூல வழக்கில் உயர் நீதிமன்றம் தொட்டதும் இந்த இடத்தைத்தான், உதவியும் சமயப் பரப்பலும் ஒண்டாகச் சேர்ற இடம். அந்தத் தீர்ப்பை நாங்கள் முழுக்க ஏற்கேல்லை, அது சிறுபான்மைச் சமயங்களின்ட கையைக் கட்டிப்போட்டது. ஆனால் அக்காவின்ட பின்னேர வகுப்பில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கரகம் எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளும் இருந்ததைக் கண்டம். அவையளுக்கும் அதே பிஸ்கட், அதே கணக்குப் பாடம். ரிப்போர்ட்டில் "புது ஆத்துமாக்கள் எத்தனை" எண்டு கேட்கிற நிரல்தான் ஆபத்து. அது நல்ல மனுசியையும் எண்ணிக்கை காட்ட வைச்சிரும். அந்த நிரலை எடுங்கோ.

பிள்ளைகளின்ட படத்தையும் எடுங்கோ. பேர், தோட்டம், டிவிசன் எல்லாம் போட்டு ஒரு ஏழு வயசுப் பிள்ளையின்ட முகத்தை இணையத்தில் விட்டால், பதினேழு வயசில அந்தப் பிள்ளை அதைத் தேடி எடுக்கும். எங்கட குழுவில் ஒருவருக்கு அப்படி நடந்தது. காசு குடுத்தவர் கணக்குக் கேட்கக்கூடாது எண்டு இல்லை. கணக்கு எண்டது சம்பளச் சீட்டு, பிள்ளையின்ட கண்ணீர் இல்லை.

அக்காவைத் தாங்குற அமைப்புக்கு, அவவின்ட சம்மதத்தோட, ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறம். 2022இலிருந்து எவ்வளவு டொலர் வந்தது, எவ்வளவு ரூபா தோட்டத்துக்குப் போனது, ஏன் சேமலாப நிதி கட்டேல்லை. இவ்வளவுதான் கேட்டிருக்கிறம். பதில் வந்தால் இஞ்ச போடுவம். வராட்டியும் போடுவம்.