வெறும் எண் விடையாகுமா?

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது தோல் தொழில். இங்கே தைக்கப்படும் காலணிகள் பல கடல் கடந்து செல்கின்றன. அத்தகைய காலணி ஒன்றின் உட்புறத்தைப் பாருங்கள். 8 என்று ஓர் எண் இருக்கும். அருகிலேயே 42 என்று மற்றோர் எண் இருக்கும். ஒரே காலணிக்கு இரண்டு அளவுகளா?

ஆங்கிலேய முறையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பிய முறையில் அது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42 ஐ 2/3 ஆல் பெருக்குங்கள், 28 செ.மீ. வரும். காலணியை உருவாக்கப் பயன்படும் ‘லாஸ்ட்’ என்னும் கால் வடிவ அச்சின் நீளம் இது. ஆங்கிலேய முறையில் 8 என்பதும் ஏறத்தாழ இதே நீளந்தான். ஆகவே ‘அளவு 8’ என்பது பாதி விடையே. எந்த முறையில் 8 என்பதையும் சொன்னால்தான் விடை முழுமை பெறும்.

கணிப்பொறிகளுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு வணிகர் ஒருவரின் கணிப்பொறி, ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்றின் கணிப்பொறியிடம் இணையம் வழியே விவரம் கேட்பதாகக் கொள்வோம். பதிலின் தலைப்பில், உள்ளே இருப்பது எவ்வகைத் தகவல், எந்த எழுத்துக் குறியீட்டில் அமைந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும். இல்லையேல் ‘ஆம்பூர்’ என்னும் பெயரே பொருளற்ற குறிகளாய்த் திரையில் தோன்றக்கூடும்.

பதிலின் உடல் இன்று பெரும்பாலும் ‘ஜேசான்’ என்னும் வடிவில் எழுதப்படுகிறது. அதில் மேற்கோள் குறிக்குள் இட்டால் எழுத்துக் கோவை; இடாவிட்டால் எண். இது சிறு வேறுபாடு என எண்ணாதீர்கள். 9, 10 ஆகியவற்றை எழுத்துகளாகக் கருதி வரிசைப்படுத்தினால் 10 முன்னே வந்து நிற்கும். ஏனெனில் 1 என்னும் குறி 9 க்கு முந்தியது!

தேதியும் அப்படியே. 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1988 இல் ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத் தரம் வெளியாயிற்று. அதன்படி 2025-04-03 என ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

“வடிவம் எப்படி இருந்தால் என்ன? பெறுகின்ற கணிப்பொறி புரிந்துகொள்ளட்டுமே” என்று சிலர் வாதிடுவர். இணையத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் போஸ்டல், அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்று 1980 இல் எழுதினார். இவர்கள் அதன் பிற்பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். முற்பாதியே முதன்மையானது என்பது என் கருத்து. காரணத்தைப் பாலாற்றங்கரையிலேயே காணலாம்.

தோல் பதனிடும் கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அது கூறியது. 2014 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களில் மாசினை இடைவிடாது அளந்து இணையம் வழியே அனுப்பும் கருவிகளைப் பொருத்தப் பணித்தது.

வெளியேற்றும் தோல் கழிவுநீரில் மொத்தக் குரோமியத்துக்கு உரிய வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஒரு கருவி நான்கு முறை அளக்க வேண்டும். இரு முறை 3, 3 எனக் காட்டிவிட்டுப் பழுதாகிறது. எஞ்சிய இரண்டு இடங்களிலும் நிரல் 0 என எழுதி அனுப்பினால் சராசரி 1.5, வரம்புக்குள் அடங்கிவிட்டது! அளவு கிடைக்கவில்லை என்று உள்ளபடி அனுப்பினால் கிடைத்த இரண்டின் சராசரி 3. வரம்பு மீறியது தெரிந்துவிடும். ‘மதிப்பு இல்லை’ எனக் குறிக்க ஜேசானில் தனிச்சொல்லே உண்டு. அதை விடுத்துச் சுழியம் இட்டால், கருவியின் பழுது நீரின் தூய்மையாக மாறிவிடுகிறது.

பெறும் கணிப்பொறி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதைக் கண்டுபிடிக்குமா? 42 என்பதைக் கண்டு ஐரோப்பிய அளவென ஊகிக்கலாம். அந்தச் சுழியத்தைக் கண்டு கருவி பழுதென ஊகிக்க வழியில்லை. அனுப்பும் இடத்தில் தொலைந்த பொருளைப் பெறும் இடத்தில் தேடிப் பயனில்லை. ஆகவே பொறுப்பு அனுப்புகிறவருடையதே.

மாணவர்களே, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் அலகு எழுதாவிட்டால் ஆசிரியர் மதிப்பெண் குறைக்கிறாரே, அது வீண் கண்டிப்பன்று. நாளை நீங்கள் நிரல் எழுதும்போது, எண்ணோடு அதன் அலகையும் வகையையும் சேர்த்து அனுப்புங்கள். அளக்காததை அளக்கவில்லை என்றே சொல்லுங்கள்.